கூலிச் சட்டமும் நெய்வேலிப் பிள்ளைகளும்

குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்மேல் ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. ஏழைக்கு உதவ வந்த அந்தச் சட்டம், ஏழை வீட்டுப் பிள்ளையின் வயிற்றில்தான் முதலில் அடிக்கிறது என்பது அது. இப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்ல. அவர்களுடைய கணக்கு இதுதான்: பதினெட்டு வயதுப் பையனுக்கு வேலை தெரியாது. முதல் வருஷத்தில் அவன் செய்கிற வேலையைவிடக் கெடுக்கிற வேலைதான் அதிகம். அவனுக்கும் முப்பது வயதுக்காரனுக்கும் ஒரே கூலி என்று சட்டம் போட்டால், முதலாளி முப்பது வயதுக்காரனையே எடுத்துக்கொள்வான். பையன் வாசலில் நிற்க வேண்டியதுதான். கூலி குறைந்தாலும் பரவாயில்லை, உள்ளே போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டால் போதும் என்று அவனே நினைத்தாலும் சட்டம் விடாது.

காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் போட்ட கணக்கு ஊரில் எப்படி நடந்தது என்று பார்க்கிற வழக்கம் நம்மிடம் குறைவு. அப்படிப் பார்க்க ஓர் ஊர் வேண்டுமானால் நான் நெய்வேலியைச் சொல்வேன். அது சர்க்கார் கட்டிய ஊர். வேலைக்காகவே பிறந்த ஊர். அந்த ஒரே ஊரில் அதிகாரி, நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, அப்ரண்டிஸ் என்று நான்கு விதமான சம்பளக்காரர்கள் ஒரே கரியை நம்பி வாழ்கிறார்கள். கூலிச் சட்டம் எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது என்பதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

ஊருக்குள் நுழையுமுன் சட்டத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கூலிக்குக் கீழ்வரம்பு கட்டும் யோசனை நியூஸிலாந்தில் 1894-ல் சட்ட வடிவம் பெற்றது. ஆஸ்திரேலியாவில் 1907-ல் ஹிக்கின்ஸ் என்ற நீதிபதி, மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள சாதாரணத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். தொழிலின் லாபத்தை வைத்து அவர் கணக்குப் போடவில்லை. குடும்பத்தின் தேவையை வைத்துப் போட்டார். இங்கிலாந்தில் 1909-ல் தொழில் வாரியச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1938-ல் மணிக்கு 25 சென்ட் என்று வரம்பு கட்டினார்கள். அந்த 1938-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே, தொழில் கற்கிறவர்களுக்கும் அப்ரண்டிஸ்களுக்கும் வரம்புக்குக் கீழே கொடுக்கலாம் என்று ஒரு விலக்கும் இருந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் இளைஞனை மறந்துவிட்டது என்பது சரியல்ல. அவனை நினைத்தே, ஒரு சின்னக் கதவைத் தனியாக வைத்தார்கள்.

நம் நாட்டில் 1929-ல் ஒரு ராயல் கமிஷன் தொழிலாளர் நிலையை விசாரிக்க வந்தது. பெற்றவர்கள் வாங்கிய கடனுக்காகக் குழந்தைகளின் உழைப்பை அடகு வைக்கும் கொடுமை அந்த விசாரணையில் வெளிச்சத்துக்கு வந்தது. அதைத் தடுக்க 1933-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. வெள்ளைக்கார சர்க்காரின் கடைசிக் காலத்தில், 1946 ஏப்ரலில், தொழிலாளர் இலாகாவைப் பார்த்துவந்த டாக்டர் அம்பேத்கர் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். நாடு விடுதலையான பிறகு, 1948-ல், அது சட்டமாயிற்று. அரிசி ஆலை, பீடி, தோட்டம், எண்ணெய் ஆலை, கல் உடைத்தல், சாலை வேலை, தோல் பதனிடுதல், விவசாயம் என்று சங்கம் வைத்துப் பேரம் பேச வலுவில்லாத தொழில்களுக்குத்தான் அதை முதலில் உண்டாக்கினார்கள். பெரியவர், இளைஞர், குழந்தை, அப்ரண்டிஸ் என்று வெவ்வேறு விகிதம் நிர்ணயிக்கலாம் என்றும் அதில் எழுதிவைத்தார்கள்.

1957 ஜூலையில் இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடி, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு வாய்பாடு போட்டுக்கொடுத்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். இவர்களை மூன்று பேராகக் கணக்கிட வேண்டும். ஆளுக்கு 2,700 கலோரி சாப்பாடு. தலைக்கு வருஷத்துக்கு 18 கஜம் துணி, ஆகக் குடும்பத்துக்கு 72 கஜம். அதற்குமேல் வீட்டு வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு 20 சதவீதம். நல்ல மனசோடு போட்ட வாய்பாடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: குடும்பத்தில் யார் விட்டுப்போயிருக்கிறார்கள் என்றே அவன் கண் தேடும். இந்தக் குடும்பத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளை எங்கே? அவன் குழந்தை அல்ல. குடும்பத் தலைவனும் அல்ல. சாப்பாட்டுக் கணக்கிலும் அவன் இல்லை. சம்பாத்தியக் கணக்கிலும் இல்லை.

அதே 1957-ல்தான், மே மாதம் 20-ந் தேதி, பிரதம மந்திரி நேரு நெய்வேலியில் சுரங்கம் வெட்டும் வேலையைத் தொடங்கிவைத்தார்.

அந்த ஊரின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, பொங்கி வந்த தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. அப்போது தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்த அந்தச் செம்மண் மேட்டில் முந்திரியும் கம்பும்தான் விளைந்துகொண்டிருந்தன. 1956 நவம்பரில் கம்பெனி பதிவாயிற்று. கரிக்கு மேலே நூற்றைம்பது அடிக்கும் அதிகமான மண். கரிக்குக் கீழே, அடைபட்ட ஊற்று. அந்தத் தண்ணீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பெயராமல் நிற்கும். ஜெர்மனியிலிருந்து மண் வெட்டும் ராட்சத எந்திரங்கள் வந்தன. 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய மின் நிலையத்தில் 1962-ல் முதல் எந்திரம் ஓடியது.

இத்தனைக்கும் ஆள் வேண்டுமே! அந்த எந்திரங்களை ஓட்டத் தெரிந்தவர்கள் நம் ராஜ்யத்தில் அப்போது எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஏர் பிடித்த கையும், முந்திரிக் கொல்லையில் காவல் இருந்த கையும்தான் கிடைத்தன. அந்தக் கைகளை வைத்துத்தான் வேலை நடந்தது.

சில வருஷங்களுக்கு முன் நான் மந்தாரக்குப்பத்தில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் பேரனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த வருஷம் வேலையில் சேர்ந்தீர்கள் ஐயா என்று கேட்டேன்.

"அறுபத்திரண்டு தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஸ்பேனர்னா என்னன்னு தெரியாது. உடம்பு திடமா இருக்குதான்னு பார்த்தாங்க, சேர்த்துக்கிட்டாங்க. சேர்த்துக்கிட்டுத்தான் கத்துக் குடுத்தாங்க" என்றார்.

பேரன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். ஒரு பெரிய ஆலையில் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருந்து, சான்றிதழும் வாங்கியிருந்தான். முந்திரிக் காலத்தில் பண்ருட்டிப் பக்கம் ஒரு களத்தில் மூட்டை தூக்கப் போவதாகச் சொன்னான். "நான் கத்துக்கிட்டுத்தான் சார் வந்திருக்கேன். சேர்த்துக்கத்தான் ஆளில்லை" என்றான். தாத்தாவைக் குத்திக்காட்டும் தொனி அதில் இல்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

பாட்டனைச் சேர்த்துக்கொண்டு பிறகு கற்றுக்கொடுத்தார்கள். பேரனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், பிறகு சேர்த்துக்கொள்ளவில்லை. அறுபது வருஷத்தில் நடந்த மாறுதலை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த மாறுதலைச் செய்தது கூலிச் சட்டமா என்பதே கேள்வி.

நெய்வேலியில் கரி தெரிந்த அதே 1961-ல் பாராளுமன்றம் அப்ரண்டிஸ் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. தமிழில் 'தொழிற் பழகுநர்' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். நோக்கம் உயர்ந்தது. புதிய தொழிற்சாலைகள் எழும்பும் நாட்டுக்குத் தேர்ந்த கைகள் வேண்டும்; அவற்றைத் தயார் செய்யும் பொறுப்பைத் தொழிற்சாலைகளும் ஏற்கவேண்டும் என்பது எண்ணம். ஆனால் சட்டத்துக்குள் இரண்டு வாசகங்கள் இருந்தன. ஒன்று, அப்ரண்டிஸ் என்பவன் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல, ஆகவே தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தா. இரண்டு, பயிற்சி முடிந்ததும் அவனுக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை கிடையாது.

முதல் வாசகத்தால் அவன் குறைந்தபட்சக் கூலிக்கு வெளியே போனான். அவனுக்குக் கிடைப்பது கூலி அல்ல, உபகாரச் சம்பளம். இரண்டாவது வாசகத்தால் அவன் வேலைக்கும் வெளியே போனான். சுரங்கச் சட்டமும் இதற்கு இடம் விட்டுக் கொடுத்தது. 1983-ல் செய்த திருத்தத்தின்படி பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் சுரங்கத்தில் வேலை செய்யக்கூடாது. ஆனால் அப்ரண்டிஸ் என்றால், தக்க மேற்பார்வையோடு, பதினாறு வயதிலேயே உள்ளே போகலாம்.

இப்போது முதலில் சொன்ன குற்றச்சாட்டுக்குத் திரும்புவோம். கூலியின் கீழ்வரம்புதான் இளைஞனை வாசலில் நிறுத்துகிறது என்றால், வரம்பே இல்லாத இந்தக் கதவு வழியாக இளைஞர்கள் திமுதிமுவென்று வேலைக்குள் போயிருக்க வேண்டும் அல்லவா? கதவு 1962-லிருந்து திறந்தே இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டிப்ளமாக்காரர்கள், என்ஜினீயர்கள் என்று வருஷா வருஷம் நெய்வேலியில் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். பயிற்சிக் காலம் முடிந்ததும் பெரும்பாலோர் சான்றிதழோடு வெளியே வருகிறார்கள். பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை கொடு என்ற கோஷம் அந்த ஊரில் புதிதல்ல. மலிவாகக் கிடைத்ததால் இளைஞனுக்குப் பயிற்சி கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை.

அப்படியானால் வேலை எங்கே போயிற்று? மின் நிலையத்தைப் பார்த்தாலே பதில் தெரியும். முதல் மின் நிலையம் 1970-ல் முழுமை பெற்றபோது 600 மெகாவாட். அதைத் தர ஒன்பது எந்திரங்கள் வேண்டியிருந்தன. வயதாகிவிட்ட அந்த நிலையத்தை 2020-ல் மூடிவிட்டார்கள். அதன் இடத்தை நிரப்ப வந்த புதிய நிலையம் 1,000 மெகாவாட்; எந்திரம் இரண்டுதான். ஒன்பது எந்திரத்துக்கும் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு நின்ற ஆட்கள், இரண்டு எந்திரத்துக்குத் தேவையில்லை. இதைச் செய்தது எந்தக் கூலிச் சட்டமும் அல்ல. அதிலும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளம் சங்கங்கள் பேசி வாங்கியது. குறைந்தபட்சக் கூலியைவிட அது எத்தனையோ படி மேலே இருந்தது. சட்டம் கட்டிய வரம்பு அவனைத் தொடவே இல்லை.

மிஞ்சிய வேலையில் ஒரு பெரும்பகுதி ஒப்பந்தத்துக்குப் போயிற்று. இங்கேதான் குறைந்தபட்சக் கூலி உண்மையிலேயே பேசுகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கையைப் பிடிக்கும் துணை அந்தச் சட்டம் ஒன்றுதான். 2010 செப்டம்பரில் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, ஒரு மாதத்துக்கு மேல் நடத்தினார்கள். 2023 ஜூலையிலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் நிரந்தரமும்தான் கோரிக்கை. அவர்களில் எத்தனையோ பேர் இளைஞர்களாக உள்ளே வந்து, ஒப்பந்தத்திலேயே தலை நரைத்தவர்கள். கூலிக்குக் கீழ்வரம்பு இருந்ததால் அந்த வேலைகள் மறைந்துவிடவில்லை. சாம்பலை அள்ள வேண்டும். கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதைக் கூட்ட வேண்டும். கூலி எதுவானாலும் அந்த வேலையை யாராவது செய்துதான் ஆகவேண்டும்.

இதனால் கூலிச் சட்டம் யாரையும் ஒருபோதும் வேலையிலிருந்து தள்ளாது என்று நான் சொல்ல வரவில்லை. சரித்திரம் அப்படிச் சொல்ல விடாது.

அந்தப் பேரன் மூட்டை தூக்கப் போகும் முந்திரித் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் கொல்லம்தான் முந்திரி உடைப்புக்குப் பெயர்போன இடம். அங்கே சங்கம் வலுத்தது. குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கூலி குறைவாக இருந்தது. முதலாளிகள் மூட்டைகளை லாரியில் ஏற்றி எல்லையைத் தாண்டிவிட்டார்கள். முந்திரிக்கொட்டைக்குக் கால் உண்டு என்பது அப்போது தெரிந்தது. பீடியிலும் இதே கதைதான். 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசாங்கம் 1968-ல் அமுல் செய்யத் தொடங்கியதும், மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பக்கத்துப் பட்டறைகளைப் பூட்டினார்கள். ஏறத்தாழ 12,000 பேர் ஒரே வீச்சில் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1969 பிப்ரவரியில் அந்தத் தொழிலாளர்கள் அரசாங்க உதவியோடு தினேஷ் பீடி என்ற கூட்டுறவை ஆரம்பித்தார்கள். சட்டம் சொன்ன கூலியைக் கொடுத்தே அதைப் பல வருஷம் வெற்றியாக நடத்திக் காட்டினார்கள்.

ஆக, தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய தொழில், ஓடிப்போக ஒரு மலிவான பக்கத்து ஊர், இரண்டும் இருந்தால் கூலிச் சட்டம் வேலையை விரட்டும். நெய்வேலியில் கரி மண்ணுக்கடியில் இருக்கிறது. அதை லாரியில் ஏற்றி எல்லை தாண்டிச் சுரங்கம் வெட்ட முடியாது. ஓட முடியாத தொழிலிலும் அதே பூச்சாண்டியைக் காட்டுவதுதான் தவறு.

உலகத்திலும் இந்த விவகாரம் தீர்ந்துவிடவில்லை. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஸ்டிக்லர், 1946-லேயே கூலிச் சட்டம் வேலையைக் குறைக்கும் என்று எழுதினார். 1992 ஏப்ரலில் நியூஜெர்ஸி ராஜ்யத்தில் மணிக்கு 4.25 டாலராக இருந்த வரம்பை 5.05 ஆக உயர்த்தினார்கள். கார்ட், குரூகர் என்ற இருவர், அங்கேயும் பக்கத்துப் பென்ஸில்வேனியாவிலும் இளைஞர்கள் அதிகம் வேலை செய்யும் 410 துரித உணவுக் கடைகளை எடுத்துக்கொண்டு, உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆட்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆள் குறையவில்லை என்று 1994-ல் எழுதினார்கள். அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குரூகர் அதற்குள் காலமாகிவிட்டார். பிரிட்டனில் 1999-ல் தேசிய வரம்பு வந்தபோது பெரியவர்களுக்கு மணிக்கு 3.60 பவுன், 18 முதல் 21 வயதுவரை 3 பவுன் என்று வைத்தார்கள். அங்கும் இளைஞனுக்கு ஒரு படி கீழேதான். ஆனால் அந்தக் கீழ்ப்படிக்கும் கூலி என்றே பெயர். உபகாரம் என்று பெயரில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. கூலி என்றால் அது செய்த வேலைக்கு உரியது, குறைந்தால் கேட்கலாம். உபகாரம் என்றால் வாங்கிக்கொண்டு வணக்கம் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் 2014-ல் விதியைத் திருத்தி, அப்ரண்டிஸின் தொகையைக் குறைந்தபட்சக் கூலியோடு முடிச்சுப் போட்டார்கள்: முதல் வருஷம் அதில் 70 சதவீதம், இரண்டாம் வருஷம் 80, மூன்றாம் வருஷம் 90. கூலி ஏறினால் அதுவும் ஏறும். நல்ல ஏற்பாடு. 2019-ல் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, படிப்புக்குத் தக்கபடி மாதம் 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய்வரை என்று தொகையாக வைத்தார்கள். விலைவாசி ஏறும், தொகை, யாராவது மனசு வைத்துத் திருத்தும்வரை, நிற்கிற இடத்திலேயே நிற்கும்.

1948-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் ஊதியச் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய பட்டியலை எடுத்துவிட்டு எல்லாத் தொழிலுக்கும் கீழ்வரம்பு என்று விரித்திருக்கிறார்கள். ஆனால் அதிலும் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் வருகிறவன் ஊழியன் என்ற சொல்லுக்கு வெளியேதான் இருக்கிறான். மாநாடு போட்ட குடும்ப வாய்பாட்டில் இடம் கிடைக்காத அதே பிள்ளைதான் இவன்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழில் கற்கிறவனுக்குக் குறைத்துக் கொடுப்பது தானே பாவம் அல்ல. அந்தக் காலத்துக் கொல்லன் பட்டறையிலும் தச்சன் பட்டறையிலும் கற்கிற பிள்ளைக்குக் கூலியே கிடையாது, சோறும் வேஷ்டியும்தான். ஆனால் அவன் அந்தப் பட்டறையிலேயே ஆசாரியாவான், அல்லது வெளியே போய்த் தன் பட்டறை வைப்பான். குறைந்த கூலி என்பது கல்விக்கு அவன் கொடுத்த விலை. கல்விக்குப் பின்னால் பிழைப்பு இருந்தது. பின்னால் பிழைப்பு இல்லையென்றால் அது கல்வியின் விலை ஆகாது. வயதைக் காரணம் காட்டிக் குறைத்த கூலிதான். ஒரு தொகுதி போனதும் அடுத்த தொகுதி, அது போனதும் இன்னொன்று என்று மலிவான கைகள் வந்துகொண்டே இருந்தால், நிரந்தரமாக ஒருவனை வைத்துக்கொள்ளும் அவசியம் யாருக்கு வரும்?

சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் உத்தரப் பிரதேசத்துப் போக்குவரத்துக் கழக வழக்கில், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்த அப்ரண்டிஸுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2014-ல் திருத்திய அப்ரண்டிஸ் சட்டம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டும் வாசலில் வைத்த விளக்குகள்தாம். ஆனால் விளக்கு வைத்தால் கதவு திறந்துவிடாது.

இளைஞனுக்காகக் கூலியைக் குறைக்கச் சொல்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எத்தனை வருஷத்துக்கு, அதன் முடிவில் என்ன வேலை என்பதையும் அதே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நூற்றைம்பது அடி மண்ணை அகற்றினால் கரி கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து, கோடிக்கணக்கில் செலவிட்டு, வருஷக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்த தேசம் இது. ஒரு பிள்ளை தொழில் கற்றுத் தேறும்வரை முழுக்கூலி கொடுத்துக் காத்திருக்க நமக்குக் கட்டுப்படியாகாது என்றால் அதை நான் நம்பமாட்டேன்.